மார்கழி அமாவாசைக்கு ஒரு கேலக்ஸி: என்ஜிசி 1365-ஐப் படம் பிடிப்பது எப்படி?

நடுவில் கடப்பாரை மாதிரி ஒரு பட்டை. அதன் இரண்டு முனையிலிருந்தும் எதிரெதிர்ப் பக்கமாக வளைந்து போகும் இரண்டு நீளமான கைகள். பட்டைச் சுருள் கேலக்ஸி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது என்ஜிசி 1365-ஐத்தான். நம் பால்வீதியும் இந்த வகைதான், ஆனால் அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் அதன் பட்டையை நம்மால் இப்படி வெளியிலிருந்து பார்க்க முடியாது.

தூரம் சுமார் 6 கோடி ஒளியாண்டு. டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்குக் கொஞ்சம் பின்னால் கிளம்பிய வெளிச்சம் உங்கள் கேமராவில் வந்து விழப்போகிறது. 1826-இல் ஜேம்ஸ் டன்லப் ஆஸ்திரேலியாவின் பரமட்டாவிலிருந்து இதைக் கண்டுபிடித்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து என்பதைக் கவனியுங்கள். இதன் நடுவரைவிலக்கம், அதாவது வான நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் அளவு, தெற்கே 36 டிகிரி. லண்டன்காரருக்கு இது அடிவானத்திலிருந்து இரண்டரை டிகிரிக்கு மேல் ஏறவே ஏறாது. நமக்கோ, வட தமிழ்நாட்டில் 41 டிகிரி உயரம் வரை ஏறுகிறது, தென்கோடியில் இன்னும் ஐந்து டிகிரி கூடுதல். வடவானம், தென்வானம் இரண்டையும் பார்க்கலாம் என்பதற்காகத்தான் வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்து 1968-இல் அங்கே வேலையைத் தொடங்கினார். அதே வசதி நம் மொட்டை மாடிக்கும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை 40, 50 டிகிரி அட்சரேகையில் இருப்பவர்கள் எழுதியவை. அதை அப்படியே பின்பற்றினால் நம் ஊரில் முதல் ராத்திரியே மாட்டிக்கொள்வோம். எங்கெல்லாம் மாட்டுவோம் என்று எனக்குத் தெரியும், எல்லாவற்றிலும் மாட்டியிருக்கிறேன்.

எப்போது?

இந்த கேலக்ஸி நள்ளிரவில் உச்சத்தில் இருப்பது நவம்பர் நடுவில். புத்தகத்தில் அதைத்தான் சிறந்த காலம் என்று போட்டிருப்பார்கள். நமக்கு அது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி அமாவாசை என்றால் மழையோடு தீபாவளிப் புகையும் சேரும். அதனால் நவம்பரை மறந்துவிடுங்கள். நமக்கு வருஷத்துக்கு இரண்டு வாய்ப்புதான்: மார்கழி அமாவாசை, தை அமாவாசை. அமாவாசைக்கு ஐந்தாறு நாள் முன்பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகியன்று மட்டும் ஊருக்குப் பக்கத்தில் முயற்சி செய்ய வேண்டாம், டயர் புகை அடங்க இரண்டு நாள் ஆகும்.

நேரக் கணக்கு இப்படி. டிசம்பர் 15 வாக்கில் இரவு 10.10 மணி அளவில் உச்சம், ஜனவரி 14 வாக்கில் 8.15. உச்சத்துக்கு முன்னும் பின்னும் தலா இரண்டரை மணி நேரம் இது 30 டிகிரிக்கு மேலே இருக்கும். அதற்குக் கீழே போனால் தூசியும் ஈரமும் ஊர் வெளிச்சமும் சேர்ந்து படத்தைக் கெடுத்துவிடும். ஆக, டிசம்பரில் ஒரு ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் கிடைக்கும். ஜனவரி நடுவில், வானம் முழுதாக இருட்ட 7.20 ஆகிவிடுவதால், மூன்றே கால். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஒன்றரை மணி நேரம்தான் தேறும். ஆனால் ஜனவரியில் மழை பயம் போயிருக்கும், பதினொரு மணிக்கெல்லாம் மூட்டை கட்டிவிடலாம். முதல் முறை என்றால் ஜனவரிதான் என் சிபாரிசு.

எங்கே?

தெற்குப் பக்கம் திறந்திருக்க வேண்டும், தெற்கே பெரிய ஊர் இருக்கக் கூடாது. இது ஒன்றுதான் விதி. சென்னைக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் போய் நின்றால் நகர வெளிச்சம் முதுகுப் பக்கம் போய்விடும். வடக்கே போனால் அதே வெளிச்சம் கேலக்ஸிக்கு அடியில் வந்து நிற்கும். ஜவ்வாது மலை, கொல்லிமலை மாதிரி இடங்கள் அருமை. ஆனால் காட்டோரம் ரோட்டில் நிற்காதீர்கள். வனத்துறை விரட்டும், விரட்டாவிட்டால் அதைவிட ஆபத்து. தெரிந்தவர் தோட்டமோ, மாடி உள்ள வீடோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்து?

இந்த கேலக்ஸியின் நீளம் 11 ஆர்க் நிமிடம் (டிகிரியில் 60-இல் ஒரு பங்கு ஆர்க் நிமிடம், அதில் 60-இல் ஒரு பங்கு ஆர்க் செகண்ட்), அதாவது நிலாவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் கருவியில் அது எவ்வளவு பெரிதாக விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். கேமராவின் பிக்சல் அளவை (மைக்ரானில்) 206-ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் (மில்லிமீட்டரில்) வகுத்தால், ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க் செகண்ட் என்று வரும். சாதாரண 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆரின் பிக்சல் சுமார் 3.7 மைக்ரான். 200 மிமீ லென்ஸ் போட்டால் கேலக்ஸி சுமார் 175 பிக்சல் நீளத்துக்கு வரும். 750 மிமீ குவியத் தூரமுள்ள ஆறு அங்குல நியூட்டோனியனில் (கண்ணாடியால் வெளிச்சத்தைக் குவிக்கும் டெலஸ்கோப்) 650 பிக்சல். முன்னதில் பட்டையும் கைகளும் அடையாளம் தெரியும். பின்னதில் கைகளில் உள்ள முடிச்சுகள் வரை வரும்.

சீஸ்டார் எஸ்50 மாதிரி ஸ்மார்ட் டெலஸ்கோப் இருந்தால், 50 மிமீ லென்ஸ், 250 மிமீ குவியத் தூரம், மவுண்ட் (டெலஸ்கோப்பைத் தாங்கி வானத்தோடு சேர்த்துத் திருப்பும் கருவி), கேமரா எல்லாம் ஒரே பெட்டிக்குள். பெயரைத் தேர்ந்தெடுத்தால் அதுவே போய் நிற்கும். சில பழைய ஆட்கள் இதைக் கிண்டல் செய்வார்கள். நான் செய்யமாட்டேன், புதிதாக வருபவர் முதல் மாதத்திலேயே ஒரு படத்தைப் பார்த்துவிட்டால்தான் இந்தப் பொழுதுபோக்கில் நிலைப்பார். அப்படி ஒன்று கையில் இருந்தால் அடுத்த பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

மற்றவர்களுக்கு: காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் மவுண்டில் போடுங்கள், டெலஸ்கோப்பில் அல்ல. பூமி சுழல்வதால் இந்தப் பகுதி வானம் நொடிக்கு 12 ஆர்க் செகண்ட் நகர்கிறது. 750 மிமீ டெலஸ்கோப்பில் அது ஒரு நொடிக்கு 12 பிக்சல். இதை இரண்டு நிமிடம் அசையாமல் பிடித்து நிறுத்துவது மவுண்டின் வேலை. நல்ல மவுண்டில் சுமாரான டெலஸ்கோப் படம் தரும், ஆடுகிற மவுண்டில் எதைத் தூக்கி வைத்தாலும் கோடுதான் வரும்.

ஃபில்டர் வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நெபுலாக்களுக்கான (விண்வெளி வாயு மேகங்களுக்கான) இரட்டைப் பட்டை ஃபில்டர் இரண்டு நிறத்தை மட்டும்தான் உள்ளே விடும், கேலக்ஸிக்கு உதவாது. கேலக்ஸியின் வெளிச்சம் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் வெளிச்சம், அது எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கிறது. ஃபில்டர் காசுக்கு நாலு தடவை மலைக்குப் பெட்ரோல் போடலாம்.

துருவத்துக்கு நேராக நிறுத்துதல்

மவுண்டின் சுழல் அச்சு வானத்தின் வட துருவத்தை நோக்கி நின்றால்தான் அது வானத்தோடு சரியாகச் சுழலும். நம் ஊர்க்காரருக்கு உண்மையான சோதனை இங்கேதான். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பது உங்கள் அட்சரேகையைப் பொறுத்தது. மதுரையில் 10 டிகிரி, சென்னையில் 13. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த முஷ்டியின் உயரம்தான் 10 டிகிரி. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போதும் அதை மறைக்க. மறைக்காவிட்டாலும் அந்த உயரத்தில் மார்கழிப் பனிமூட்டம் அதை விழுங்கியிருக்கும்.

முதலில் மவுண்டின் சாய்வை உங்கள் அட்சரேகைக்கு வையுங்கள். இவ்வளவு தாழ்வாகச் சாய்த்ததும் எடைக்கட்டி தொங்கும் தண்டு வடக்குக் காலில் போய் இடிக்கலாம். அப்படி இடித்தால் முக்காலியைத் திருப்பி, இரண்டு கால்கள் வடக்கே வரும்படியும் தண்டு அவற்றுக்கு நடுவே தொங்கும்படியும் வையுங்கள். பாரம் சாய்கிற பக்கத்தில் இரண்டு கால் இருப்பதால் கவிழும் பயமும் குறையும். இதைப் பகலிலேயே வீட்டில் ஒரு முறை செய்து பாருங்கள். இருட்டில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடிக்கிறதா என்று தேடுவது நல்ல அனுபவம் அல்ல.

துருவ நட்சத்திரம் தெரிந்தால் மவுண்டின் துருவக் குழாய் வழியாகவே வேலையை முடிக்கலாம். தெரியாவிட்டால் நினா மென்பொருளில் மூன்று புள்ளித் துருவச் சீரமைப்பு என்ற செருகுநிரல் இருக்கிறது. வானத்தில் எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, மூன்று இடத்தில் படம் எடுத்து, எவ்வளவு விலகியிருக்கிறீர்கள் என்று அதுவே சொல்லும். திருகைத் திருகத் திருக எண் குறையும். இரண்டு மூன்று ஆர்க் நிமிடத்துக்குள் வந்தால் போதும், அதற்கு மேல், ஒரு நட்சத்திரத்தைக் கண்காணித்து மவுண்டைத் திருத்திக்கொண்டே இருக்கும் கைட் கேமராவும் பிஎச்டி2 மென்பொருளும் பார்த்துக்கொள்ளும். பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒரு மணி நேரத்தைக் கரைக்காதீர்கள்.

ஃபோகஸ்

பிரகாசமான ஏதாவது ஒரு நட்சத்திரத்துக்குத் திருப்புங்கள். தெற்கே அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்) தயாராக இருக்கும். டெலஸ்கோப் வாயில் பாட்டினோவ் மாஸ்க்கை மாட்டி ஐந்து நொடிப் படம் எடுத்தால், நட்சத்திரத்தில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடும் குறுக்கே மூன்றாவதாக ஒரு கோடும் தெரியும். மூன்றாவது கோடு சரியாக நடுவில் போக வேண்டும். ஒரு மயிரிழை திருப்பி, கையை எடுத்து, ஆட்டம் அடங்கும் வரை காத்திருந்து, மறுபடி படம். நடுவில் வந்ததும் பூட்டைத் திருகி மறுபடி ஒரு படம் எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் பூட்டும்போதே நகர்ந்துவிடும். மாஸ்க்கைக் கழற்ற மறக்காதீர்கள். சிரிக்காதீர்கள், எல்லோரும் ஒரு தடவை மறப்போம்.

ராத்திரி குளிரக் குளிர உலோகக் குழாய் சுருங்கும், ஃபோகஸும் நகரும். மணிக்கு ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேலக்ஸியைத் தேடிப் பிடித்தல்

வெறுங்கண்ணில் தெரியாது, இதன் பிரகாச எண் சுமார் 9.5 (எண் கூடக் கூட மங்கல்). ஆனால் எந்த இடம் என்று கையால் காட்ட முடியும். வேட்டைக்காரன் கூட்டத்தின் காலில் உள்ள ரைஜலிலிருந்து தெற்கே தாழ்வாக மின்னும் அக்கர்னார் வரை மனதுக்குள் ஒரு கோடு போடுங்கள். கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து மேற்கே மூன்று விரல் அகலம், அதாவது ஐந்து டிகிரி, தள்ளினால் என்ஜிசி 1365. அங்கே ஒன்றுமே இருக்காது. அந்தப் பகுதியில் கண்ணுக்குப் படும்படி நட்சத்திரமே கிடையாது, அதனால்தான் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவித் தேடுவது இங்கே வெறுத்துப்போகும். மென்பொருளின் பிளேட் சால்விங்கை நம்புங்கள். ஒரு படத்தை எடுத்து, அதில் உள்ள நட்சத்திரங்களை வரைபடத்தோடு ஒப்பிட்டு, டெலஸ்கோப் எங்கே பார்க்கிறது என்று நொடியில் சொல்லிவிடும்.

சட்டகத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைக்க இடமிருந்தால் வடகிழக்குப் பக்கம் நகர்த்துங்கள். ஒன்றேகால் டிகிரி தள்ளி என்ஜிசி 1399 இருக்கிறது, உருண்டையான நீள்வட்ட கேலக்ஸி. இரண்டும் ஃபார்னாக்ஸ் என்ற கேலக்ஸிக் கொத்தைச் சேர்ந்தவை. 200 மிமீ லென்ஸ்காரர்களுக்கு இது தனிச் சலுகை. படம் முழுக்கக் குட்டிக் குட்டி கேலக்ஸிகள் சிதறிக் கிடக்கும்.

எடுத்தல்

டிஎஸ்எல்ஆர் என்றால் ரா வடிவம், ஐஎஸ்ஓ 800 அல்லது 1600. கைட் செய்யாத ஸ்டார் டிராக்கரில் ஒரு படத்துக்கு 60 நொடி, கைட் செய்தால் 2 நிமிடம். படத்தின் ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) மேடு இடது ஓரத்தை விட்டுத் தெளிவாகப் பிரிந்து நின்றால் போதுமான நேரம் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முதல் படம் திரையில் வந்ததும் ஏமாற்றமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கறுப்பாக இருக்கும். திரையின் தானியங்கி நீட்டிப்பைப் போட்டால் சாம்பல் நிறத்தில் ஒரு நீளமான கறை வரும். அது பட்டை. உற்றுப் பார்த்தால் முனைகளில் ஏதோ வளைகிற மாதிரி. நான் முதன்முதலில் எடுத்தது ஒரு தெரிந்தவரின் தோட்டத்தில். காவலுக்கு இருந்த தாத்தா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா தம்பி இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"இதே மாதிரி தொண்ணூறு எடுக்கணும் தாத்தா."

அவர் ஒன்றும் சொல்லாமல் போய் ஒரு சொம்பில் கடுங்காப்பி கொண்டு வந்து வைத்தார்.

தொண்ணூறு என்பது கணக்குப் போட்டுச் சொன்னதுதான். இரண்டு நிமிடம் வீதம் 90 படம், மொத்தம் மூன்று மணி நேரம். படங்களை அடுக்கும்போது, அதாவது ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்கும்போது, மொத்த நேரம் நான்கு மடங்கானால்தான் இரைச்சலுக்கு எதிரான தெளிவு இரண்டு மடங்காகும். ஆகவே அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குப் போவது பெரிய தாவல், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவது சின்ன அடி. என் ஆறு அங்குல டெலஸ்கோப்பில் அரை மணி நேரத்தில் பட்டையும் கைகள் தொடங்குகிற இடமும் வந்தன. இரண்டு மணி நேரத்தில் கைகள் பாதி தூரம். கைகளின் வால் மெலிந்து வானத்தில் கரைகிற இடம் வரை வேண்டும் என்றால் ஆறு மணி நேரம் ஆனது, அதாவது இரண்டு ராத்திரி. அவசரம் இல்லை, போன ராத்திரி எடுத்ததோடு இந்த ராத்திரி எடுத்ததைச் சேர்த்து அடுக்கலாம். அடுத்த வருஷம் எடுப்பதையும் சேர்க்கலாம், கேலக்ஸி எங்கும் போய்விடாது.

டித்தர் என்ற வசதியைக் கட்டாயம் போட்டுவிடுங்கள். மூன்று படத்துக்கு ஒரு முறை மவுண்டைச் சில பிக்சல் வேண்டுமென்றே நகர்த்தும். நம் ஊர் வெக்கையில் சென்சாரில் நிலையாக நிற்கும் பொட்டுகளும் கோடுகளும் அதிகம். டித்தர் இல்லாவிட்டால் அவை அடுக்கியதும் மழை பெய்த மாதிரி சாய்கோடுகளாக எழுந்து நிற்கும்.

அப்புறம் உச்சக்கோட்டைத் தாண்டும் விஷயம். கேலக்ஸி உச்சத்தைக் கடக்கும்போது பெரும்பாலான மவுண்டுகள் டெலஸ்கோப்பை மறுபக்கம் புரட்டியாக வேண்டும். புதியவர்கள் கேபிளை அறுத்துக்கொள்வது அந்த நிமிடத்தில்தான். ஜனவரி நடுவில் 8.20-க்குத் தொடங்கினால் புரட்டவே வேண்டாம், நேராக 10.40 வரை ஓட்டலாம்.

பனி

அந்த முதல் ராத்திரியில் ஒன்பது மணி வரை எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு கைட் நட்சத்திரம் தொலைந்துவிட்டது என்று பிஎச்டி2 கத்த ஆரம்பித்தது. மேகமா என்று பார்த்தேன், இல்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். மென்பொருளை மூடித் திறந்தேன். முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் கைட் டெலஸ்கோப்பின் முன் லென்ஸில் விரலை வைத்தால், குளிப்பாட்டி எடுத்த மாதிரி ஈரம். கார் கண்ணாடியும் சொட்டிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

மார்கழி, தையில் இது நடந்தே தீரும். யுஎஸ்பியில் ஓடும் சூடேற்றும் பட்டி ஒன்றை முன் லென்ஸைச் சுற்றிக் கட்டி, முதல் நிமிடத்திலிருந்தே ஓடவிடுங்கள். பழைய யோகா பாயை வெட்டிக் குழாய் மாதிரி சுருட்டி முன்னால் மாட்டினால் இன்னும் நல்லது. படிந்த பிறகு துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கீறிக்கொள்ளும்.

மூன்று துணைப் படங்கள்

சலித்துக்கொண்டு இதை விடுகிறவர்கள்தான் அதிகம். முதலாவது டார்க்: மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே நேரம், 20 படம். மூட்டை கட்டும்போது கேமராவை மூடியோடு தனியாக ஓடவிட்டால் வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து எடுக்காதீர்கள், குளிர்விப்பு இல்லாத கேமராவில் வெப்பநிலை மாறினால் டார்க் பொருந்தாது. இரண்டாவது பயாஸ்: மூடியோடு, கேமராவின் மிகக் குறைந்த நேரத்தில், 30 படம். மூன்றாவது ஃப்ளாட்: துவைத்த வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து டெலஸ்கோப் வாயில் சுருக்கமில்லாமல் கட்டி, டேப்லெட்டின் வெள்ளைத் திரையை மேலே வைத்து 30 படம். சென்சாரில் உள்ள தூசு வளையங்களையும் மூலைகளின் இருட்டையும் போக்குவது இதுதான். கேமராவைக் கழற்றுவதற்கு முன், ஃபோகஸைத் தொடாமல், முதலில் ஃப்ளாட்டை எடுத்துவிடுங்கள்.

வீட்டில்

படங்களை அடுக்க சிரில் என்ற மென்பொருள் இலவசம், போதுமானது. நான்கு வகைப் படங்களையும் அது கேட்கும் பெயரில் நான்கு கோப்புறைகளில் போட்டு, வண்ண கேமராவுக்கான ஸ்கிரிப்டை ஓட்டினால் அடுக்கிய படம் ஒன்று வரும். ஓரங்களை வெட்டுங்கள். பிறகு பின்னணி நீக்கம். இங்கே நிதானம் வேண்டும். தெற்கே ஏதாவது ஊர் வெளிச்சம் இருந்திருந்தால் படத்தின் ஒரு பக்கம் வெளுத்திருக்கும், அதை மென்பொருள் சமன் செய்யும். ஆனால் அதன் மாதிரிப் புள்ளிகள் கேலக்ஸியின் கைகள் மேல் விழுந்தால், கைகளையும் வெளிச்ச மாசு என்று நினைத்து அழித்துவிடும். ஆறு மணி நேரம் சேர்த்த வால் ஒரு சொடுக்கில் காணாமல் போகும். கேலக்ஸியைச் சுற்றி அதன் அகலத்துக்குப் பாதியளவாவது விட்டு, உள்ளே இருக்கும் புள்ளிகளைக் கையால் நீக்குங்கள்.

அடுத்து நட்சத்திரங்களின் நிறத்தை வைத்து வண்ணத்தைச் சரிசெய்யும் வசதியை ஓட்டினால், நிறங்கள் தானாகவே இடத்துக்கு வரும். நடுவும் பட்டையும் வெளிர் மஞ்சள், அங்கே பழைய நட்சத்திரங்கள். கைகள் நீலம், அங்கே புதியவை. கைகளில் இளஞ்சிவப்பாகப் பொட்டுகள் தெரிந்தால் அவை நட்சத்திரங்கள் பிறக்கும் வாயுத் திட்டுகள். பட்டையின் நீளவாக்கில் ஓடும் கரிய தூசிக் கோடு கிடைத்தால் உங்கள் ஃபோகஸும் காற்றும் அன்றைக்கு நன்றாக இருந்திருக்கின்றன.

பிறகு நீட்டிப்பு, அதாவது இருட்டில் கிடப்பதை மேலே தூக்குவது. ஒரேயடியாகத் தூக்காமல் மூன்று நான்கு தடவையாகத் தூக்குங்கள். வானம் கருங்கறுப்பாக இருக்கத் தேவையில்லை, அடர் சாம்பலில் விட்டால்தான் கைகளின் முனை உயிரோடு இருக்கும். இரைச்சல் நீக்கத்தை அளவோடு நிறுத்துங்கள். கொஞ்சம் மணல் மணலாக இருக்கும் படம், மெழுகு பூசின மாதிரி வழவழக்கும் படத்தைவிட எனக்கு ஆயிரம் மடங்கு மேல்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் படத்தை இணையத்தில் உள்ள பழைய என்ஜிசி 1365 படம் ஒன்றோடு நட்சத்திரம் நட்சத்திரமாக ஒப்பிடுங்கள். இந்த கேலக்ஸியில் 1957, 1983, 2001, 2012 என்று நான்கு சூப்பர்நோவாக்கள் (வெடித்துப் பிரகாசிக்கும் நட்சத்திரங்கள்) பதிவாகியிருக்கின்றன. 2012 அக்டோபர் 27-இல் கண்டுபிடிக்கப்பட்டது 12-ஆம் பிரகாச எண் அளவுக்கு ஏறியது, ஆறு அங்குல டெலஸ்கோப்பில் ஒரே படத்தில் தெரியக்கூடியது. பழைய படத்தில் இல்லாத ஒரு புள்ளி உங்கள் படத்தில் இருந்தால், முதலில் தனித்தனிப் படங்களைத் திறந்து பாருங்கள். டித்தர் நகர்த்திய பிறகும் சென்சாரில் இடம் மாறாமல் நிற்கிறது என்றால் அது கேமராவின் பொட்டு. ஒன்றரை மணி நேரத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்ந்திருந்தால் சிறுகோள். இரண்டும் இல்லையென்றால், மறுநாள் ராத்திரி மறுபடி போய் எடுங்கள்.